கேப்டன் பெட்டிங்கில் போட்ட பன்னிரண்டு குறிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுத நினைக்கவே இல்லை. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தன்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும் என்றார்கள். பொருள்: எங்கள் ஊர்ப் புல்வெளியில் கற்சிலையாய் நிற்கும் கேப்டன் லூசியஸ் பெட்டிங்கில். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பத்துப் பக்கம்தானே, மேப்பிள் மரங்களில் சாறு இறங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

முதல் வரி இப்படித் தொடங்கியது:

"தோல் பதனிடுபவரின் மகனாய்ப் பிறந்து, நில அளவை வேலை பார்த்து, உள்நாட்டுப் போருக்குக் கேப்டனாய்ப் போய்க் கர்னலாய்த் திரும்பி, பதினோரு ஆண்டுகள் மாநிலச் சட்டசபையில் அமர்ந்து, எழுபதாவது வயதில் சொந்தக் கட்டிலில் கண்மூடிய"

(அங்கேயே நிற்கட்டும். அடுத்து 'மாமனிதர்' என்று வரவேண்டியிருந்தது.)

2

ஊர் அலுவலகத்து இரும்பறையிலிருந்து கேப்டனின் பழைய ஓட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தவள் லோயிஸ் வீலாக், எங்கள் ஊர் எழுத்தர். என்னிடம் படித்தவள் இல்லை. ஆனாலும் ஊரோடு சேர்ந்து வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள், பாதி கிண்டலாக.

"பாத்துத் தொடுங்க வாத்தியாரே. சாண்ட்விச் தின்ன கையோட தொட்டீங்கன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்."

"கழுவிட்டுத்தான் வந்தேன்."

"உங்க கழுவல் எனக்குத் தெரியாதா."

1862இல் எங்கள் ஊர் ஆட்கள் சேர்ந்து ஒரு கம்பெனியாக, அதாவது ஒரே படைப்பிரிவாகப் போருக்குக் கிளம்பினார்கள். கேப்டனை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அதுதான் வழக்கம். பெட்டிங்கிலை எதிர்த்து நின்றவர் கொல்லர் ஹைரம் டட்டன். எங்கள் ஊரில் சந்தேகம் வந்துவிட்டால் தூக்கிய கையை நம்பமாட்டார்கள், ஆளே எழுந்துபோய்ப் பக்கம் பிரிந்து நிற்கவேண்டும். வலப்பக்கம் பெட்டிங்கிலுக்கு முப்பத்து நாலு பேர், இடப்பக்கம் டட்டனுக்கு இருபத்தேழு. டட்டன் தோற்ற கையோடு கோபித்துக்கொண்டு வேறு படையில் சேர்ந்துவிட்டார். அவருக்காக நின்றவர்கள் பெட்டிங்கிலிடமே மாட்டிக்கொண்டார்கள்.

அன்றைய எழுத்தர் ஒளிவுமறைவு பிடிக்காத மனிதர். யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பேர் பேராக, வயதோடு எழுதி, புதுக் கேப்டன் கையிலேயே கொடுத்துவிட்டார். (இத்தனை அழகான கையெழுத்தில் இத்தனை பெரிய முட்டாள்தனத்தை நான் பார்த்ததில்லை. ஊரில் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை என்பதுதான் எங்கள் ஊர்.)

கேப்டன் அந்தத் தாளையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போரெல்லாம் திரிந்தார். இடப்பக்கத்துப் பெயர்கள் சிலவற்றின் எதிரே பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள்.

"வேலிக்குப் போனவங்க," என்றாள் லோயிஸ்.

கதை ஊருக்கே தெரியும். வர்ஜீனியாவில் ஒரு கோதுமை வயல். எதிர்ப்பக்க வேலிக்குப் பின்னால் பீரங்கி இருக்கிறதா என்று பார்த்துவரப் பதினோரு பேரை அனுப்பினார் கேப்டன். இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

நான் வீட்டுக்கு வந்து இப்படி எழுதினேன்: "மாண்ட தன் வீரர்களின் பெயர்களுக்கு எதிரே நடுங்கும் விரல்களால்". அந்த 'நடுங்கும்' எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

3

அடிக்குறிப்பு ஒன்று எழுதலாமென்று மறுநாள் போய்க் குறிகளை எண்ணினேன். பன்னிரண்டு.

மறுபடி எண்ணினேன். லோயிஸை எண்ணச் சொன்னேன். பன்னிரண்டாவது பெயர் ஏசா வீலாக்.

"எங்க எள்ளுத் தாத்தாவாச்சே," என்று சிரித்தாள். "எம்பத்தோரு வயசு வரைக்கும் இருந்தாரு. ஏழு பிள்ளைங்க."

"அவர் வேலிக்குப் போகலையா?"

"முந்தின நாள் சாயங்காலமே காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு அனுப்பிட்டாங்க. சீட்டுக்கூட இருக்கு, இருங்க."

"அப்போ கேப்டன் இவரும் செத்துட்டாருன்னு நினைச்சுத் தப்பாப் போட்டிருப்பார்."

அவள் சீட்டைக் கொண்டுவந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அனுப்பியவர் கையெழுத்து: லூ. பெட்டிங்கில்.

"அனுப்பினதே அவருதான். எப்படித் தப்பாப் போடுவாரு?" அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இது செத்ததுக்கப்புறம் போட்ட குறி இல்ல, வாத்தியாரே. யாரை அனுப்பறதுன்னு முன்னாடியே போட்டது."

வலப்பக்கத்தைப் பார்த்தேன். முப்பத்து நாலு பெயர்கள். ஒரு குறிகூட இல்லை.

"அந்தக் காய்ச்சல் வரலேன்னா," என்று ஆரம்பித்தவள், சீட்டை மடித்து வைத்தாள்.

4

இனி கேப்டனை என்ன செய்வது? சட்டசபையில் இருந்தவரை, பாலம் கட்டித் தந்தவரை, நான் முப்பது வருடம் பிள்ளைகளிடம் புகழ்ந்தவரைக் கொலைகாரர் என்று எழுதுவதா?

அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே வரிசைக் கூடாரங்களில் தங்கியவர்களாக இருக்கலாம். ஒன்றாக ஓட்டுப் போட்டவர்கள் ஒன்றாகத்தானே சமைத்துச் சாப்பிடுவார்கள்? வசதிக்காக ஒரு வரிசையையே எடுத்திருப்பார். இந்த விளக்கத்தை ஒரு நாள் முழுக்க நம்பினேன். அல்லது, பீரங்கி இருக்காது, வெறும் அலைச்சல் என்று நினைத்து, பிடிக்காதவர்களுக்கு அந்த அலைச்சலைக் கொடுத்திருப்பார். நானும் பிடிக்காத பிள்ளைகளைத்தான் கரும்பலகை துடைக்கச் சொல்லியிருக்கிறேன். அல்லது, பீரங்கி இருக்கிறது என்று தெரிந்தே, பேர் பேராகப் படித்து

(இதையும் முடிக்க முடியவில்லை.)

மூன்றையும் எழுதினேன். மூன்றிலும் அவர் என் கேப்டன்தான். மூன்றிலும் அவர் கையில் பென்சில் இருக்கிறது. எதை அச்சுக்குக் கொடுப்பது என்று தெரியாமல் இதுவரை எழுதியதை அப்படியே லோயிஸிடம் கொடுத்தேன்.

5

அவள் அலுவலக மேஜையிலேயே படித்தாள். இரண்டு தடவை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. எங்க எள்ளுத் தாத்தா பேரு இருக்கு. ஓடிப்போன டட்டன் பேருகூட இருக்கு. கேப்டன் பேரைத்தான் எண்ணி மாளல."

"சரி?"

"செத்தவங்க பேரு எங்க?"

நான் தாள்களை வாங்கிப் புரட்டினேன்.

"பதினோரு பேருன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க," என்றாள். குரலில் கிண்டல் இல்லை. "அந்தாளாவது ஒவ்வொருத்தன் பேரையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் குறி போட்டான்."

அறைந்தமாதிரி இருந்தது. ஓட்டுத் தாள் இத்தனை நாளும் என் கையில்தான் இருந்தது. பெயர்கள் அழகான கையெழுத்தில் அதில்தான் இருந்தன. எனக்குக் கதைக்கு எண்ணிக்கை போதுமானதாக இருந்திருக்கிறது.

6

ஆகவே முதல் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

லைமன் கோஸ். இருபத்தாறு வயது. காலை உணவுக்கு ஆப்பிள் பை என்ற பலகாரம் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். செம்மறி மந்தையில் ஒவ்வோர் ஆட்டுக்கும் பேர் வைத்திருந்தான். கொல்லர் டட்டன் ஒருமுறை அவனுடைய நொண்டி எருதை அதட்டாமல், அடிக்காமல் லாடம் கட்டினார். அதனால் போய் இடப்பக்கம் நின்றான். அவனுடைய அரசியல் அவ்வளவுதான்.

(பலகாரமும் ஆடுகளும் எருதும் நான் கற்பனை செய்தவை. பெயரும் வயதும் தாளில் உள்ளவை.)

இப்போது வயலின் இந்தப் பக்கத்து வேலியில் ஏறிக்கொண்டிருக்கிறான். ஒரு கால் மேல்கம்பில் இருக்கிறது. பின்னால் பத்துப் பேர், அவர்களுக்குப் பின்னால் கேப்டன். அடுத்த வாக்கியத்தில் அவன் கோதுமைக்குள் இறங்கவேண்டும். மூன்று நாளாக அந்த வாக்கியத்தை எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். நாளை மறுநாள் ஊர்க்கூட்டம். புத்தகம் இல்லை என்று சொல்லப்போகிறேன்.

கதை முடிந்தே ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்களே அவனை இறக்கிவிடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கிவிடுங்கள்.