இடது கைக்கு எட்டாத பட்டன்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சாந்தோமில் அண்ணன் வீட்டில்தான் ஜொவிட்டாவுக்குச் சாப்பாடு. அன்றைக்கு அண்ணி வெரோனிகா அடுப்படியில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஆண்ட்ரூ மேசை ஓரத்தில் உட்கார்ந்து, வலது கையை யாருடையதோ போல மடியில் கிடத்திவிட்டு, இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சோற்றைக் குழப்பிக்கொண்டிருந்தான்.

"முடிச்சுட்டேன் ஜொவி, உன் கேமை" என்றான்.

ஜொவிட்டாவுக்குக் குழம்புக் கரண்டி கையிலேயே நின்றது.

"முழுசாவா?"

"முழுசா. அந்தப் புயல் இருக்கே, அடேயப்பா! அதை விடு. கடைசியில கட்டுமரம் உடைஞ்சதும் அந்த நாய் தண்ணியில குதிச்சுக் கரைக்கு நீந்திப் போகுது பாரு, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். சிரிக்கவும் செய்தாள். ஆனால் கடையில் விற்கும் கேமில் நாய் கிடையாது. ஏதோ புரோகிராம் பிழையால் அது அடிக்கடி கட்டுமரத்தின் மரத்துக்குள்ளேயே புதைந்துபோய்க் குரைத்துக்கொண்டிருந்ததால் வெளியீட்டுக்குச் சற்று முன்னால் தூக்கிவிட்டார்கள். நாய் இருந்த பழைய பிரதி, விமர்சனத்துக்காக முன்கூட்டியே வாங்கிய யூடியூப்காரர்கள் சிலரிடம் மட்டும்தான் இருந்தது. யாரோ ஆடிய வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் ஆண்ட்ரூ பேசுகிறான். அவன் அதை ஆடவே இல்லை.

அவன் ஏன் ஆடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் ஜொவிட்டாவுக்குத் தயாரிப்பாளர் வேலை. எந்தத் தேதிக்கு எது முடியும், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்றெல்லாம் முடிவெடுப்பது அவள்தான். அவர்கள் செய்த கேமின் பெயர் 'கொண்டல்'. கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்றில் சிக்கிய ஒரு கட்டுமரத்தைக் கரை சேர்க்க வேண்டும். இடது கட்டைவிரலால் திசை திருப்பி, அதே நேரத்தில் வலது கையால் துடுப்புப் பட்டனையும் கயிற்றுப் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு கையும் நன்றாக இருப்பவர்களுக்கே வியர்த்துவிடும்.

கேம் பாதி வளர்ந்திருந்த சமயத்தில்தான் வகுப்பில் வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆண்ட்ரூவின் கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது. பக்கவாதம். கால் ஓரளவு திரும்பி வந்தது, பேச்சும் வந்தது. வலது கை வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று, "இனிமே நான் கேம் ஆட முடியுமா?" என்பதுதான். வயது நாற்பதைத் தாண்டிய வாத்தியார் கேட்கிற கேள்வியா இது என்று நர்ஸ் சிரித்தாள். ஜொவிட்டா சிரிக்கவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என் கேம் வரட்டும்ணா. எந்தப் பட்டனை வேணும்னாலும் எங்க வேணும்னாலும் மாத்தி வெச்சுக்கலாம். உனக்காகவே அந்த வசதியைப் போடறேன்."

போடத்தான் சொன்னாள். புரோகிராமர் பிரபாகர் எழுதவும் ஆரம்பித்தான். பிறகு வெளியீட்டுத் தேதி நெருங்கியது. பிழைகள் மலைபோலக் குவிந்தன. ஒருநாள் கூட்டத்தில் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோது அவளே சொன்னாள்: "பட்டன் மாத்தற வசதியை எடுத்துடலாம்."

நொச்சிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த பிரபாகருக்கு அது பிடிக்கவில்லை. "இன்னா ஜொவிட்டா, அத்தப் போய் எடுக்கச் சொல்றே? ஒத்தக் கையால ஆடறவன் இன்னா பண்ணுவான்?"

"அப்படி எத்தனை பேர் இருக்கப் போறாங்க பிரபா? அப்புறமா அப்டேட்ல குடுத்துக்கலாம்."

அந்த வாக்கியம் வாயிலிருந்து வரும்போதே ஆண்ட்ரூவின் கை அவள் நினைவுக்கு வந்தது. மடியில் கிடக்கும் அந்தக் கை, விரல்கள் லேசாக உள்பக்கம் மடங்கியபடி. வந்தது, ஒரு நொடி நின்றது. அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

கேம் வெளியானது. நல்ல பெயரும் கிடைத்தது. அண்ணனிடம் மட்டும் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எப்படியோ சமாளித்து ஆடுகிறானாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

சாப்பிட்டுவிட்டு ஆண்ட்ரூ கண்ணயர்ந்ததும் அவள் அடுப்படிக்குப் போனாள்.

"அண்ணி, அவன் நெஜமா ஆடினானா?"

வெரோனிகா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கேம் வந்த அன்னிக்குக் காலையிலேயே குளிச்சிட்டு உக்காந்துட்டாரு. அந்தக் கன்ட்ரோலரை மடியில வெச்சுப் பார்த்தாரு, தொடைக்கு நடுவுல இடுக்கிப் பார்த்தாரு, தாடையால கூட அமுக்கிப் பார்த்தாரு. செட்டிங்ஸ்ல போய்த் தேடிக்கினே இருந்தாரு. 'இருக்கும் வெரோனி, ஜொவி சொன்னா இருக்கும், எனக்குத்தான் கண்ணுல படல'ன்னாரு. அப்புறம் மூடி வெச்சிட்டு, யாரோ ஆடறத போன்ல பார்த்தாரு. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு."

"ஏன்?"

"'அவ்வளவு வேலைக்கு நடுவுல மறந்திருப்பா, பாவம். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா'ன்னாரு."

ஜொவிட்டா குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மறந்துவிட்டாள் என்று அவனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அவளுக்காக எடுத்து வைத்திருந்தான். அவள் செய்ய வேண்டியதெல்லாம் பேசாமல் அதை வாங்கிக்கொள்வது மட்டும்தான்.

மறுநாள் அவள் பட்டன் மாற்றும் வசதியைப் போட ஆள் கேட்டு முதலாளி ஜெயராமிடம் போய் நின்றாள். அடுத்த கேமின் வேலை தொடங்கிவிட்டது, ஆள் தர முடியாது என்றார் அவர். "இது இல்லைன்னு யாரும் நம்மளத் திட்டலையேம்மா" என்றார்.

"ஆட முடியாதவங்க திட்ட மாட்டாங்க சார். மூடி வெச்சிட்டுப் போயிடுவாங்க."

இருக்கிற வேலை கெடாமல் செய்வதானால் செய்துகொள் என்றார் அவர். பிரபாகரிடம் கேட்டபோது அவன் நாற்காலியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுதினத அழிக்கல. மூடித்தான் வெச்சிக்கீறேன். ஆனா அதுல ஏகப்பட்ட ஓட்டை கீது, சும்மா ஆவாது." அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். அவள் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஆடி ஆடிச் சோதித்தாள். கட்டுமரம் கவிழ்ந்துகொண்டே இருந்தது. கவிழும்போதெல்லாம் தாடையால் பட்டனை அமுக்கும் அண்ணன் கண்முன்னே வந்தான்.

வேலை முடிகிற தறுவாயில் அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இது வந்துவிட்டால் ஆண்ட்ரூ போன் செய்வான். "மறந்ததை ஞாபகம் வெச்சுப் போட்டுட்டே பார்த்தியா" என்று சந்தோஷப்படுவான். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே அவனை நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஒரு சுற்று நடந்து அவன் பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அண்ணா, கேம்ல நாய் கிடையாது."

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு வெட்கத்தோடு சிரித்தான். "மாட்டிக்கிட்டேனா? விடு ஜொவி. நீ மறந்துட்டே, அவ்வளவுதானே."

"மறக்கல. எடுத்துடலாம்னு நான்தான் சொன்னேன். சொல்லும்போது உன் கை ஞாபகம் வந்துச்சு. வந்தும் எடுத்தேன்."

பக்கத்தில் யாரோ பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள். இறகுப்பந்து மட்டையில் படும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஆண்ட்ரூ இடது கையால் வலது கையைத் தூக்கித் தன் மடியில் சரியாக வைத்துக்கொண்டான்.

"மறந்துட்டேன்னே சொல்லியிருக்கலாமே. நான் அப்படித்தானே நம்பிட்டிருந்தேன்" என்றான்.

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

"உன் மனசு லேசாகணும்னு என்கிட்ட கொண்டாந்து கொட்டறியா?"

அதுவும் உண்மையாக இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

"ஆட்டோ புடி" என்றான்.

அடுத்த ஞாயிறு வெரோனிகா போன் செய்தாள். "இந்த வாரம் வேணாம் ஜொவி. அவரு ஒரு மாதிரியா கீறாரு." அதற்கடுத்த வாரமும் அப்படியே. பூசை முடிந்து அவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டாள்.

அப்டேட் வெளியானது. ஜெயராம் சொன்னதுபோல் யாரும் கொண்டாடவில்லை. ஆனால் கம்பெனி முகவரிக்கு ஒன்றிரண்டாகக் கடிதங்கள் வந்தன. நங்கநல்லூரிலிருந்து அஸ்மத்துன்னிசா என்ற பெண், லேத் பட்டறையில் ஒரு கையை இழந்த தன் கணவர் வாங்கின அன்றே அலமாரியில் வைத்துப் பூட்டிய கேமை மறுபடி வெளியே எடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாள். நல்ல செய்திதான். ஜொவிட்டா அதை இரண்டாம் முறையும் படித்தாள். எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டவள் அவள். ஒவ்வொருவராக வந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் ஆபீஸில் இருக்கும்போது ஆண்ட்ரூவே கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"அந்தப் பெரிய அலை வரும்போது கட்டுமரம் கவுந்துகிட்டே இருக்கு. எப்படித்தான் தாண்டறது?"

அவள் பாதி வேலையில் எழுந்து அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். ஆண்ட்ரூ டிவி முன்னால் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கட்டுமரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். துடுப்புப் பட்டனும் கயிற்றுப் பட்டனும் அவன் இடது ஆள்காட்டி விரலுக்கு வந்திருந்தன. அவளைப் பார்க்கவில்லை. கரையில் நிற்கும் மீனவப் பெண் பேசுகிற காட்சி வந்தது. அந்த நேரம் பார்த்து, "மாத்திரை போட்டுக்கினு போங்க" என்று வெரோனிகா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

ஆண்ட்ரூ ஏதேதோ அழுத்திப் பார்த்தான். காட்சி பாட்டுக்கு ஓடியது.

"என்னடி இது, பேசிக்கிட்டிருக்கும்போது நிறுத்தவே முடியாதா?"

"முடியாது" என்றாள். "அதையும் வேணாம்னு நான்தான் சொன்னேன்."

அவன் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். முகத்தில் கோபம் இருந்தது. கோபம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது.

"வேற என்னெல்லாம் வெட்டினே?"

ஜொவிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதியிலிருந்து ஆரம்பித்தாள். அவன் திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பெரிய அலை வந்தது. கட்டுமரம் மறுபடியும் கவிழ்ந்தது.

"நீ சொல்லு" என்றான், ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்தபடி.