முந்நூற்று நாற்பதாவது வரி

பனிப்புயலில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது கண் சிமிட்டும் நேரத்தில். ஆனால் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ஆர்லின் ஹாகருட் தன் வான்கோழிப் பண்ணைக் கம்ப்யூட்டரில் குளிர்காலம் முழுக்கத் தட்டி ஏற்றியிருந்த நிரல் அந்தச் சிமிட்டலோடு போய்விட்டது. திரையில் ‘ரெடி’ என்று ஒரு சொல், கீழே மின்னும் ஒரு கட்டம். கம்ப்யூட்டர் பிறக்கும்போதே உள்ளே வைத்த ‘பேசிக்’ என்ற நிரல்மொழி பத்திரமாக இருந்தது. அதனிடம் ஆர்லின் சொல்லிவைத்ததுதான் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடைப்பெட்டியில் ஆறாயிரம் முட்டைகள். அவற்றைச் சூடாக வைத்திருந்தது அந்தக் கம்ப்யூட்டர்தான். வெப்பமானி தொண்ணூற்றொன்பது ஃபாரன்ஹீட்டிலிருந்து தொண்ணூற்று நான்குக்கு இறங்கியிருந்தது.

“கேசட் டேப்புல பதிஞ்சு வைன்னு எத்தனை தடவ சொன்னேன்!” என்றாள் அவன் மனைவி லவோன்.

“இருக்கறது ஒரே டேப். அதுல பாஸ்டர் பிரசங்கத்தப் பிடிச்சு வச்சிருக்கறது யாரு?”

“காகிதத்துலயாவது எழுதினியா?”

“காகிதம் என்ன சும்மாவா வருது?”

லவோன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “சரி, தட்டு. பத்தாம் வரி, வெப்பமானியைப் படி. இருபது...”

ஆர்லினின் வாய் பிளந்தது. “உனக்கெப்படிடி தெரியும்?”

“தினமும் தூக்கத்துல ஒப்பிக்கறியே. நம்ம பூனைக்கே பாதி தெரியும்.”

முந்நூற்று முப்பது வரை மடமடவென்று சொன்னாள். அங்கே நின்றுவிட்டாள்.

“அடுத்தது?”

“தெரியாது. அந்த இடத்துல தாங்க முடியாம உதைப்பேன். நீ மறுபடி பத்துலேர்ந்து ஆரம்பிச்சிருவ.”

சூடேற்றியை முடுக்கும் எண் இருந்தது கடைசி வரியான அந்த முந்நூற்று நாற்பதில்தான். ஆர்லின் ஆயிரக்கணக்கான எண்களைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது. பயத்தில் அதன் முதல் இலக்கம்கூட நினைவுக்கு வரவில்லை. வெப்பமானியில் எண்பத்தெட்டு.

“படு,” என்றாள் லவோன்.

“ஆறாயிரம் உயிரு விறைச்சுக்கிட்டிருக்கு, தூங்கச் சொல்றியா?”

படுத்தான். கண் மூடவே இல்லை. எண்பத்து நான்கு. எண்பதுக்குக் கீழே போனால் ஒரு குஞ்சும் தேறாது. லவோன் பிரசங்க டேப்பைப் போட்டாள். பாஸ்டர் ‘அன்பான சகோதரர்களே’ என்பதற்குள் ஆர்லின் குறட்டை விட்டான்.

பத்து, இருபது என்று ஒப்பித்தல் ஆமை வேகத்தில் கிளம்பியது. எண்பத்திரண்டு. முந்நூறு. எண்பத்தொன்று. முந்நூற்று முப்பதில் அவள் வலது கால் பழக்கத்தில் தானாக எழுந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மூச்சுகூட விடவில்லை.

“முந்நூத்து நாப்பது...” ஆர்லின் புரண்டு படுத்தான். வெளியே காற்று ஊளையிட்டது. “...நாப்பத்தொம்பதாயிரத்து நூத்தி அறுபத்தி மூணு. கமா. ஒண்ணு.”

அந்தக் கால் மரத்துப்போக, ஒற்றைக் காலில் நொண்டிப் போய்த் தட்டினாள். நிரலை ஓடவிட்டாள். அடைப்பெட்டிக்குள் கம்பிகள் மெல்லச் சிவந்தன. எண்பத்தொன்று அங்கேயே நின்றது. பிறகு எண்பத்திரண்டு.

தொண்ணூற்றொன்பது வந்ததும் நிரலை நிறுத்தி, பாஸ்டரின் மேலேயே அதைப் பதிந்தாள். டேப் சுற்றி முடியும்வரை காத்திருந்து, நிரலை மறுபடி ஓடவிட்டாள்.

பிறகு திரும்பி வந்து, அவனை நிதானமாக உதைத்தாள்.