தக்காளி நடும்வரை

மே இரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு ப்ரோனியா இறந்தாள். பதினோரு மணிக்கு எழுந்து, தக்காளி நாற்றை இன்னும் வெயிலுக்குப் பழக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டு ரப்பர் பூட்ஸை மாட்டினாள். டாக்டர் சான்றிதழில் கையெழுத்தே போட்டுவிட்டிருந்தார். தேதியை மட்டும் அடித்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். பாதிரியார் சாவு மணி அடிக்க வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். மே மாதத்தில் சாக யாருக்கு நேரமிருக்கிறது? ரிப்னிக்கில், ரயில்பாதையோரம் தோட்டம் வைத்திருக்கும் நாங்கள் நாற்பது குடும்பமும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அவளுக்கு நாடி ஓடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் மண்வெட்டி ஓடியது. உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தாள், நெருங்கி முளைத்த கேரட்டைக் கலைத்தாள், பீன்ஸுக்குக் கழி ஊன்றினாள், நாற்றுப் பெட்டிகளைக் காலையில் வெயிலில் வைத்துப் பொழுது சாயக் குடிலுக்குள் எடுத்தாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவள் குரல் கொஞ்சம் தேய்ந்தது. அவள் புருஷன் அலோய்ஸ் இருபத்தாறு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தவன்; இனி மண்ணைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தான். தண்ணீர் தூக்கிக் கொடுப்பான், பெஞ்சில் உட்கார்ந்து பீர் குடிப்பான், அவ்வளவுதான். ஆனால் கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தக்காளிய நட்டதும் போயிடுவியா?"

"பின்ன? இங்கயே நின்னு காக்கா விரட்டவா?"

அவள் பார்க்காதபோது பீன்ஸ் கழிகளைப் பிடுங்கிப் போட்டான். ஒரு மணி நேரத்தில் ஊன்றிவிட்டாள். அதன்பிறகுதான் அந்தப் பாவத்தைச் செய்தான். உறைபனி கொண்டுவரும் மூன்று பனிப் புனிதர்களின் நாட்களும், கடைசியாக மே பதினைந்தில் குளிர் சோஃபியாவின் நாளும் கடந்து போகாமல் எங்கள் ஊரில் குடிகாரன்கூடத் தக்காளி நாற்றை வெளியே விடமாட்டான். அலோய்ஸ் பதினான்காம் தேதி அந்தியில் இரண்டு பெட்டியையும் தூக்கிக் குடிலுக்கு வெளியே வைத்தான், மேலே போர்த்தியிருந்த சாக்கையும் உருவினான். நாற்று பனியில் கருகினால் மறுபடி விதைக்க வேண்டும், விதைத்தால் இன்னும் ஒன்றரை மாதம் அவள் இருப்பாள். சோஃபியா ஏமாற்றவில்லை. விடிந்தபோது இருபத்திரண்டு நாற்றும் கரித்துணியாய்ச் சுருண்டு கிடந்தன.

ப்ரோனியா திட்டவில்லை. அவனை ஒரு முறை பார்த்தாள், விதைப் பொட்டலத்தை எடுக்கக் குடிலுக்குள் போனாள். அதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஹூபர்ட் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டான்.

"ஐயையோ, ப்ரோனியா அக்கா நாத்தெல்லாம் போச்சே!" என்று அவன் போட்ட சத்தம் தண்டவாளம்வரை கேட்டது.

எங்களில் யாரும் தன் தேவைக்கு மட்டும் நாற்று வளர்ப்பதில்லை. இல்லாதவனுக்கென்று நாலு கூட இருக்கும். மத்தியானத்துக்குள் அவர்கள் தோட்ட வாசலில் முப்பத்து நாலு நாற்று சேர்ந்துவிட்டது.

"வேண்டாம்பா, எடுத்துட்டுப் போங்க. கும்பிட்டுக் கேக்கறேன்," என்றான் அலோய்ஸ்.

"அட, எங்ககிட்ட என்னண்ணே கூச்சம்?" என்று ஹூபர்ட் இன்னும் இரண்டை வைத்தான். பாவிகள் எங்களுக்கு அவன் கணக்கு எப்படித் தெரியும்?

பதினாறாம் தேதி அவள் நட்டாள். கடைசி நாற்றுக்குக் குழியை நானே தோண்டுகிறேன் என்று அலோய்ஸ் மண்வெட்டியை வாங்கினான். முட்டியளவு போனபிறகும் நிறுத்தவில்லை.

"தக்காளி நடறியா, நிலக்கரி தேடறியா?" என்றாள். அதைக் கேட்கவே அவன் குனிய வேண்டியிருந்தது.

பாதிக் குழியை மூடி, முப்பத்தாறாவது நாற்றை நட்டு, வாளியில் கைகழுவிக்கொண்டு பெஞ்சில் படுத்தாள். இந்தத் தடவை மணி அடித்தது.

ஜூனில் செடிகள் இடுப்பளவு வளர்ந்து புதராய் மண்டின. அலோய்ஸ் ஒரு நாள் முழுக்க அவற்றின் முன்னால் நின்றுவிட்டு ஹூபர்ட்டைக் கூப்பிட்டான். பக்கக் கிளை கிள்ள வேண்டும் என்று தெரியும், எதைக் கிள்ளுவது என்று தெரியாது. தண்டுக்கும் இலைக்கும் நடுவே கிளம்பும் துளிரை ஹூபர்ட் காட்டினான். சும்மா இருந்திருக்கலாம், வாய் நிற்கவில்லை.

"ரெண்டு வாரம் கூடவே இருந்தாங்களே, அக்காகிட்டயே கேட்டிருக்கலாமேண்ணே."

"போகாதேன்னு சொல்லவே நேரம் சரியாப் போச்சுப்பா," என்றான் அலோய்ஸ். அழுதுகொண்டே அடுத்த செடிக்கு நகர்ந்து, துளிரைத் தேடினான்.