மூட்டை நீக்கிய படம்

1

இந்தக் கதை கிரேன் வீட்டுக் கூடத்தில் கிடைத்தது. ஒரு ஃபோனைச் சுற்றி நான்கு தலைகள் குனிந்திருந்தன. அதில் ஒரு தலை இதை எழுதுகிறவனுடையது. கிரேன் என்பது கிடங்கில் வைத்த பட்டப்பெயர்; அவரோடு சேர்ந்து மூட்டை தூக்கியவன் இவன். எழுத்துக் கற்றதே நாற்பதுக்கு மேல். வாக்கியம் கனத்தால் நடுவழியில் இறக்கி வைத்துவிடுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினான்: "பக்கவாதம் வந்த நாளிலிருந்து கிரேன் கண்ணாடி பக்கமே—"

வேண்டாம். நோயில் தொடங்கினால் படிக்கிறவர் உடனே பாவம் பார்க்கத் தயாராகிவிடுவார். கிரேனுக்கு அது ஆகாது.

2

விஷயம் இதுதான். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பா படம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். கிரேனுக்கு வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. கேமராவைக் கண்டால் அறைக்குள் போய்விடுகிறார். வாய் நேராக இருந்த காலத்துப் படம் ஒன்றே ஒன்று: கிடங்கு வாசலில், தலையில் சர்க்கரை மூட்டையோடு.

மூட்டையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று மகள் நினைத்தாள்.

[முதல் எழுத்தில் அவள் மூட்டைக்கு வெட்கப்பட்டாள். கதைக்கு அது வசதி. அவளிடமே கேட்டபோது, "வெட்கமெல்லாம் இல்ல மாமா. படம் பூரா மூட்டைதான் நிக்குது, அப்பா அடியில ஒட்டிக்கிட்டிருக்காரு" என்றாள். எழுதுகிறவன் வெட்கத்தை அடித்துவிட்டான்.]

3

முதல் செயலி இலவசம். மூட்டையைத் துடைத்து, அந்த இடத்தில் பின்னால் நின்ற லாரியின் சக்கரத்தை ஒட்டவைத்தது.

"தலைல டயரா? மூட்டையே தேவல" என்றாள் கிரேனின் மனைவி.

இரண்டாவது, மூட்டையோடு நெற்றியையும் கொண்டுபோனது. போதாததற்கு மார்புக்குக் குறுக்கே தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டது.

மூன்றாவதற்குக் காசு கட்டினாள் மகள். மூட்டை போன சுவடே இல்லை. முடி, வானம், தகரக் கூரை, எல்லாம் கச்சிதம். ஆனால் மூட்டையைப் பிடித்த கைகள் காதோரம் தூக்கியபடியே நின்றன.

"என்னடி, போலீஸ்கிட்ட மாட்டின மாதிரி நிக்கிறாரு?"

"கையையும் எடுத்துடலாம்மா."

"ஆமா, கையில்லாத மனுஷனைச் சம்பந்திக்குக் காட்டு."

அறைக்குள்ளிருந்து கிரேனின் குழறலான குரல் வந்தது. "பேசாம மூட்டைய வச்சுக்கிட்டு என்னை எடுத்துடுங்க."

சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

(* செயலி படத்திலிருந்து எதையாவது எடுத்தால், அந்த ஓட்டையைப் பக்கத்தில் இருப்பதை வைத்து அடைக்கிறது. எழுதுகிறவனும் அப்படித்தான். நான்கு தலை என்றான். எண்ணிப் பாருங்கள், மூன்றுதான் கதைக்குள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். கதைக்கு அவர் உதவவில்லை, துடைத்துவிட்டான். தெரிந்ததா?)

4

மகள் அறைக்குள் போனாள். "அப்பா, புதுசா ஒண்ணு எடுப்போமா?"

"நீ காசு கட்டினது வாயை நேராக்குமா?"

"ஆக்கும்" என்றாள்.

"நேராக்கித்தான் அனுப்பணும். சத்தியம் பண்ணு."

"சத்தியமா."

கிரேன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் ஃபோனைத் தூக்கியபோது மனைவி அவர் காதில் ஏதோ சொன்னாள். கிரேன் சிரித்துவிட்டார். ஒரு வருஷமாக வராத சிரிப்பு. அது முழுக்கக் கோணிய பக்கத்தில்தான் இருந்தது.

சொன்னபடி மகள் வாயை நேராக்கினாள். செயலி நன்றாகத்தான் வேலை செய்தது. வாய் நேரானது, சிரிப்பு போய்விட்டது.

5

முடிவு இரண்டு எழுதியாயிற்று. ஒன்றில் சத்தியத்தைக் காப்பாற்றி நேர்வாய்ப் படத்தை அனுப்புகிறாள். சம்பந்தி வீட்டார் படத்திலிருக்கும் யாரோ ஒருவரைப் பார்த்து, நல்ல மனுஷனாகத் தெரிகிறார் என்கிறார்கள். இன்னொன்றில் சிரிப்பை அனுப்புகிறாள். அது தெரிந்த அன்று கிரேன் அவளைக் கூப்பிட்டு—

இரண்டையும் அவளுக்கே படித்துக் காட்டினான்.

"ரெண்டுலயும் நான்தான் கெட்டவ" என்றாள். "வேற ஒண்ணு எழுதக் கூடாதா மாமா?"

யோசித்துப் பார்த்தான். வரவில்லை.

சம்பந்தி வீட்டிலிருந்து மறுபடியும் கேட்டுவிட்டார்கள். ஃபோனில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று, அப்பா கேட்ட அப்பா. மற்றது, சிரிக்கிற அப்பா. உள்ளே கிரேன், "அனுப்பிட்டியா?" என்கிறார். அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

எழுதுகிறவனுக்குக் கிடங்குக்கு நேரமாகிவிட்டது, எழுந்துகொள்கிறான். அவள் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் வந்து உட்காருங்கள்.