தலைக்குள் கரண்ட்

மண்சரிவில் வீடு புதைந்த வருடம் தொடங்கிய மனச்சோர்வு மாத்திரையைக் கலாராணி ஒரேயடியாக நிறுத்தினாள். தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது மற்றப் பெண்கள் அவளை ‘மாத்திரைக்காரி’ என்றார்கள். அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நிறுத்திய அந்த வாரமே எல்லாம் அருவருத்தது. சோறு சவர்க்காரம் போல நாறியது. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் வெட்டியது.

“தலைக்குள்ள கரண்ட் அடிக்குதுங்க,” என்று கணவன் புவனேந்திரனிடம் சொன்னாள்.

தொழிலாளர் லயத்தில் அவர்கள் அறைக்குத் திருட்டு வயர் இழுத்தவன் அவன்தான். பயந்துபோய் டெஸ்டரைச் சுவரில் வைத்துப் பார்த்தான். பிறகு கட்டிலில் வைத்தான். கடைசியில் அவள் நெற்றியிலேயே வைத்தான். அவன் பல்லில் கடித்துக்கொள்ளும் அதன் கைப்பிடியில் வெற்றிலை எச்சில் காய்ந்திருந்தது.

“லைட் எரியலையே புள்ள.”

அவள் அவன் காலிலேயே வாந்தி எடுத்தாள்.

“அப்ப இது பேய்தான். பூசாரியக் கூட்டிட்டு வாறேன்.”

“அந்தாளு மேலயும் எடுப்பேன். மாத்திரைய பட்டுன்னு நிப்பாட்டினதுதான் இப்பிடிப் பண்ணுது. பதுளை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. கொஞ்சம் கொஞ்சமா எப்பிடிக் குறைக்கிறதுன்னு டொக்டர்கிட்ட கேக்கணும்.”

“திரும்பவும் மாத்திரையா? பொம்பளைங்க சிரிப்பாளுகளே.”

“இந்த நாத்தத்துக்கு அவளுக சிரிப்பே தேவல.”

“பஸ்ல வாந்தி வந்தா?”

அவள் ஒரு சொப்பிங் பேக்கை அவன் கையில் திணித்தாள்.

“நீங்கதான் புடிக்கணும்.”