ஏற்றத்தில் ஒரு குரல்

நிகாசோ மூன்றாவது கரண்டி பார்லிக் கஞ்சியை ஊட்டும்போதுதான் கணவன் யூத்திமோஸுக்குக் குரல் வந்தது.

"இழு!"

கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. எட்டு நாளாக மூச்சுவிடவே திணறிக்கொண்டிருந்த மனிதர். நெஞ்சு முழுக்கச் சளி, இனித் தேறமாட்டார் என்று வைத்தியரும் கைவிரித்துவிட்டுப் போயிருந்தார். ஒரே ஒரு வார்த்தை பேச வை என்று அவள் கடல் தெய்வம் பொசைடனிடம் மன்றாடாத வேளையில்லை. இப்போது கேட்டதோ பழைய குரல். இரண்டு கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்த நிலத்தில், இருபது வருடமாகக் கப்பல்களை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் கல்பாதையில் ஏற்றி இறக்கிய குரல்.

"என்னங்க, நான்தான் நிகாசோ. இங்க பாருங்க."

அவர் பார்க்கவில்லை. கண்கள் கூரையில் இருந்தன. "ஹோய்... இழு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த நேரத்திலும் கப்பல்தானா? பெண்டாட்டி பெயர் வாயில் வராதா?

வீட்டுச் சுவரை ஒட்டிய கல்பாதை ஏற்றத்தில் காலையிலிருந்து ஒரு கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. சக்கர வண்டியின் மேல் கப்பல், வடத்தில் நூற்றுச் சொச்சம் ஆட்கள். குரல்காரன் 'இழு' என்றால் இழுப்பார்கள், 'நில்லு' என்றால் நிற்பார்கள். நின்ற கணமே பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்க வேண்டும். கட்டை கொடுப்பவன் அவள் தம்பி மிக்கியோன்.

கதவு படாரென்று திறந்தது. மேஸ்திரி தெர்சாந்தர் மூச்சிரைக்க நின்றான்.

"நிகாசோ, அவன் வாயை மூடும்மா!"

"என்னது?"

"புதுசா வந்த குரல்காரன் நில்லுங்கிறான். இவன் உள்ளேருந்து இழுங்கிறான். பாதிப் பேரு இவன் குரலுக்குப் பழகுன ஆளுங்க, கை தானா இழுத்துடுது. மீதிப் பேரு விட்டுடுறாங்க. வண்டி ரெண்டு முழம் பின்னால வந்துடுச்சு. உன் தம்பி கை தப்பிச்சதே பெரிசு."

"எட்டு நாளா பேசாத மனுசன்யா. இப்பத்தான் வாயத் தொறந்துருக்காரு."

"எனக்கு மட்டும் ஆசையா? இவன் குரலுக்கு இழுத்து வளந்தவன்தான் நானும். வண்டி வளைவு தாண்டுற வரைக்கும். அவ்வளவுதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டே அவன் வெளியே ஓடினான்.

"இழு!" என்றார் யூத்திமோஸ்.

வெளியே வண்டி கிறீச்சிட்டது. "கட்டை! ஐயோ, கட்டை!" அது மிக்கியோனின் அலறல்.

நிகாசோ வலது உள்ளங்கையால் கணவனின் வாயைப் பொத்தினாள். மூக்கை விட்டுவிட்டுத்தான் பொத்தினாள். அதைப் பிறகு ஆயிரம் தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அவர் கண்கள் கூரையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தன. எட்டு நாளில் முதல் தடவையாக அவளை அடையாளம் கண்டன. உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்தன. இது 'இழு' இல்லை. அதற்கு வாய் பிளக்கும். இது மெதுவாக, சின்னதாக, மூன்று அசைவு. அவள் பெயருக்கும் மூன்று அசைவுதான்.

கையை எடுக்கப் போனாள். வெளியே தம்பி மறுபடி அலறினான். கை அங்கேயே இருந்தது.

ஆட்களின் சத்தம் வளைவைத் தாண்டித் தேய்ந்ததும் கையை எடுத்தாள்.

"இப்பச் சொல்லுங்க. யாருமில்ல. சொல்லுங்க."

உதடுகள் பாதி திறந்திருந்தன. அதன்பின் அவை அசையவேயில்லை.

சேதி கேட்டு மிக்கியோன் ஓடிவந்தான். சக்கரத்துக்குப் போடும் கொழுப்பு பத்து விரலிலும் அப்பியிருந்தது. பத்தும் இருக்கின்றனவா என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

"அக்கா, அத்தான் கடைசியா எதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாரு."

"என்னக்கா?"

"கட்டையப் பாத்து வைக்கச் சொன்னாரு."

அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் அவரைத் தூக்கினார்கள். வாசலில், பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்க் குடம் இருந்தது. சாவு வீட்டை விட்டு வெளியேறுகிறவர்கள் கை நனைத்துத் தீட்டுக் கழித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொருவராக நனைத்துவிட்டு இறங்கினார்கள்.

"கையக் காட்டு நிகாசோ" என்று பக்கத்து வீட்டுக்காரி தண்ணீரை மொண்டாள்.

நிகாசோ இடது கையை நீட்டினாள்.

"அந்தக் கை?"

அவர் உதடு அசைந்த வலது கை மேலாடைக்குள் மூடியபடியே இருந்தது. அவள் படியிறங்கி, பாடைக்குப் பின்னால் நடந்தாள்.