படித்தவர் மறந்த கடிதங்கள்

தியென் ஷௌயி வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கியதும் அதிலிருந்தவர்களில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். ஹார்பின் நகரத்துப் பொதுக் குளியல்கூடத்தில் இது அவருக்குப் பழகிப்போயிருந்தது. மாவோ காலத்தில் பதினேழு வருடம் ரகசியப் போலீஸின் மாகாணத் தலைவராக இருந்தவர். பதவி பறிபோய் இரண்டு வருடமாகியும் அந்த முகத்தை ஊர் மறக்கவில்லை. மனைவியும் மகளோடு தெற்கே போய்விட்டாள். வாரம் ஒருமுறை அவர் இங்கே வந்தது நாலு மனிதக் குரலைக் கேட்கத்தான்.

அன்று ஒரு கிழவர் மட்டும் எழவில்லை.

"எல்லாரும் ஓடிட்டாங்க பாத்தீங்களா அண்ணே? நமக்குச் சொறி சிரங்குன்னு நெனைச்சுட்டாங்கபோல!"

சிரித்தபோது முன்பற்கள் இல்லை. பெயர் பாவ் சிங்ஸாய். கணக்கு வாத்தியார். வடக்கே உழைப்பு முகாமில் பதினோரு வருடம் கிடந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியிருந்தார்.

தியெனுக்குத் திக்கென்றது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. அவரை யாராவது அண்ணே என்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, குளியல்கூடத்து வழக்கப்படி முள்ளங்கித் துண்டைக் கடித்தபடி தேநீர் குடித்தார்கள்.

"உங்க பேரைச் சொல்லவே இல்லியேண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். தியென் உண்மையைச் சொன்னார்.

பாவ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னை உள்ள தள்ளின உத்தரவுல உங்க கையெழுத்துதான் இருந்துச்சு."

"ஆமா."

"அது கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரி மாசாமாசம் லெட்டர் போட்டாளாம். ஒண்ணுகூட என் கைக்கு வரலை. இப்ப அவளும் இல்ல. எல்லா லெட்டரையும் நீங்களே படிப்பீங்கன்னு முகாம்ல பேசிக்குவாங்க. படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்ப ஒரு வரி சொல்லுங்க. ஒரே ஒரு வரி."

தியென் கண்ணை மூடினார். ஆயிரக்கணக்கான கடிதங்கள். ரகசியக் குறிப்பு ஒளிந்திருக்கிறதா என்று மட்டுமே தேடியவர். எதுவும் நினைவுக்கு வரவில்லை. எதிரே காத்திருந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக உளறியது.

"வாசல்ல பேரி மரம் பூத்திருக்குன்னு... நீங்க வந்து பாக்கணும்னு..."

"எங்க வீடு மூணாவது மாடி," என்றார் பாவ். "மரம் ஏது?"

கோபம்கூட இல்லாத குரல். துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க தியென் அந்தக் கடிதங்களையே நினைவில் துழாவிக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் காலை திடீரென ஒரு வரி வந்தது. 'மூன்றாவது மாடி ஏறும்போது உங்கள் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறது.' கையெழுத்தின் சாய்வுகூடக் கண்ணில் தெரிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் குளியல்கூடத்துக்கு ஓடினார்.

"பாவ் வாத்தியாரா? முந்தாநாளே தங்கச்சி ஊருக்குப் போயிட்டாரே," என்றார் குளியல்கூடக்காரர், அவர் முகத்தைப் பார்க்காமல். "எந்த ஊருன்னு சொல்லலை."